மழை பெய்தால் பார்க்காத ஆள்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே சாரல். கொடியில் போட்ட துணி இன்னும் காயவில்லை. இட்லி மாவும் புளிக்கவில்லை. தோசை ஊற்றிவிட்டு ஓடினேன்.

பள்ளியில் புது உத்தரவு. பத்தாம் வகுப்பு எடுக்கிறவர்கள் ஆளுக்கொரு பாடத்தை வீடியோ எடுத்து நெட்டில் போட வேண்டுமாம். ஹெச்.எம். வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எதற்கு சார் என்றேன். "மேல கேக்காங்க டீச்சர்." மேல என்றால் எவ்வளவு மேல?

இப்போதே எழுதி வைக்கிறேன். பிள்ளைகள் வருஷா வருஷம் குறைகிறார்கள். வீடியோ ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அப்புறம் கணக்கு எடுக்க இந்தப் பகவதி டீச்சர் எதற்கு? உபரி என்று சொல்லி எங்காவது தூக்கிப் போடுவார்கள். இப்போது அழகியபாண்டியபுரத்தில் கீரிப்பாறை பஸ் ஏறினால் ஸ்கூல் வாசலில் இறக்கிவிடுகிறான். ரிட்டயர் ஆகிற வயதில் இனி எந்த ஊருக்கு எத்தனை பஸ் மாறி ஓட?

வாங்க: உளுந்து, சிவப்பு மார்க்கர், இவருக்கு முட்டுவலித் தைலம்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. ஜெஸ்லின் எனக்கு சேனல் தொடங்கித் தந்தாள். சயின்ஸ் டீச்சர், போன வருஷம்தான் வேலைக்கு வந்தவள். இனி ஜெ. என்றே எழுதுகிறேன்.

என் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. "நம்பரச் சொல்லுங்க டீச்சர்." சொல்ல மாட்டேன் என்றேன். யாரிடமும் சொல்லாதே என்று அதிலேயே போட்டிருக்கிறது.

"நான் யாரோவா டீச்சர்?"

"நீ யாரோ இல்ல மக்கா. ஆனா உனக்கு மட்டும் சொல்லலாம்னு அதுல போடல்லயே."

பள்ளியில் கொடுத்த டேப்லெட்டை என்னிடம் தந்துவிட்டு அவள் திரும்பி நின்றாள். நான் எண்களைத் தேடி அடிப்பதற்குள் நேரம் முடிந்து வேறு நம்பர் வந்தது. பிறகு வேறொன்று. ஒருவழியாகத் திறந்தது. பாஸ்வேர்டு மனதில். இதில் எழுத மாட்டேன்.

டேப்லெட் கேமராவுக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஜெ. சிரித்தாள். சிரிக்கட்டும். நான் கொட்டாவி விடுவதை எவனும் எங்கோ உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

ஜூன் 12, வியாழன்

வெயில். வீடியோ எடுத்தாயிற்று. இரண்டு தடவை. பொட்டை எடுக்க மறந்துவிட்டோம். முதலில் எடுத்தது முழுக்க இருட்டு, என் குரல் மட்டும். ஜெ. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். மறுபடி முதலிலிருந்து.

பாடம்: வரைபடம். நானே தேர்ந்தெடுத்தது. ஒன்றும் வராத பிள்ளைகூட வரைபடத்தையும் செய்முறை வடிவியலையும் ஒழுங்காகப் போட்டால் பாசுக்குப் பக்கத்தில் வந்துவிடும். வழக்கம்போல் "அளவுத்திட்டம் எழுத மறந்தா மார்க் போச்சு மக்களே" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

நடுவில் மைனஸை விட்டுவிட்டு அட்டவணையில் தப்பாக எழுதினேன். "சே, தப்பு" என்று அழித்துத் திருத்தினேன். அந்த இடத்தை வெட்டிவிடு என்றேன். "நல்லாத்தான் இருக்கு டீச்சர், கிடக்கட்டும்." யாருக்கு நல்லா இருக்கு?

லிங்க் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் மட்டும். லிங்க் இல்லாதவர்கள் பார்க்க முடியாது என்று ஜெ. சொல்கிறாள். பார்ப்போம்.

ஜூன் 14, சனி

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே எண் வருகிறது. வகுப்பில் பாதிகூடப் பார்க்கவில்லை. குரூப்பில் அபிஷாவின் அம்மா லீலா மட்டும் கைகூப்பு பொம்மை போட்டிருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்குப் போகிறவள். அவள் எல்லாவற்றுக்கும் கைகூப்பு போடுவாள், மழை விடுமுறைச் செய்திக்கும்.

இவர்: "என்னட்டி, சினிமாக்காரி ஆயிட்டியே." குழம்பில் உப்பு கூடிப்போயிற்று. வேண்டுமென்று இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். எண் இன்றும் ஒன்று கூடியிருக்கிறது. பிள்ளைகள் பார்த்தால் கொத்தாக ஏறும், பரீட்சைக்கு முந்தின நாள் ஏறும். இது அப்படி இல்லை. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று.

எந்த நேரம் பார்க்கிறார்கள் என்பதையும் காட்டுமாம். ஜெ. திறந்து காட்டினாள். விடியுமுன் ஒரே ஒரு குச்சி, அநேகமாக ஒவ்வொரு நாளும். அந்த நேரத்தில் எழுந்து கணக்குப் பார்க்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளையை என் சர்வீசில் கண்டதில்லை.

யார்?
ஹெச்.எம். (வாக்கிங் போக இருட்டிலேயே எழுகிறவர்.)
மேலே இருக்கிற அந்த 'மேல'.
நாகர்கோவில் ட்யூஷன் சென்டர்க்காரன் எவனாவது, என் பாடத்தைத் திருட.
ஜெ. (வருத்தம்தான். இருந்தாலும் எழுதியாயிற்று.)

பேச்சுவாக்கில் ஹெச்.எம்.மிடம், காலையில் போனில் என்ன சார் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "பக்திப் பாட்டு கேப்பேன் டீச்சர்." முகத்தை எவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டு சொன்னார்!

ஜூன் 19, வியாழன்

நேற்றும் இன்றும் அடைமழை. இவருக்கு ஒரே சந்தோஷம், வயலில் தண்ணீர் நிற்கிறது. எனக்கு வேறு விஷயம். இரண்டு நாளாக எண் அசையவில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஞாயிறு விடியலிலும் மழை. அன்றும் கூடவில்லை. மழை பெய்தால் பார்க்காத ஆள்!

டவர் போயிருக்கும் என்கிறாள் ஜெ. என் போனில் டவர் இருந்ததே. மழை பெய்தால் என்ன நடக்காது? வாக்கிங் நடக்காது. ஹெச்.எம். தான்.

ஜூன் 20, வெள்ளி

வெயில் வந்தது. ஒன்று கூடியது. சொன்னேனே.

ஆனால் இன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கிற ஆள் எந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடுகிறார் என்பதையும் காட்டுமாம் அது. ஒரு கோடு நேராகப் போய் ஒரே இடத்தில் மேலே எழும்பி நின்றது. ஜெ. அந்த இடத்தைத் தொட்டாள். என் குரல் வந்தது. "சே, தப்பு."

கரும்பலகையில் தப்பு வந்தால் டஸ்டரால் துடைத்தால் முடிந்தது. இதில் தப்பும் இருக்கிறது, நான் துடைத்ததும் இருக்கிறது. இத்தனை வருஷம் எடுத்த பாடத்தில் யாருக்கோ அந்த ஒரு மைனஸ்தான் கண்ணில் பட்டிருக்கிறது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. பாத்ரூமில் போய் முகம் கழுவினேன்.

மதியம் ஹெச்.எம். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார், உபரி லிஸ்ட் அடுத்த வாரம் என்று. சொல்லும்போது என்னைப் பார்த்தாரா? பார்த்தார்.

ஜூன் 23, திங்கள்

அழித்துவிட்டேன்.

நானே. ஜெ.யைக் கேட்கவில்லை. நிரந்தரமாக நீக்கவா என்றது. ஆமாம். திரும்பக் கிடைக்காது, புரிந்ததா என்று டிக் போடச் சொன்னது. போட்டேன். யார் உதவியும் இல்லாமல் அதில் நான் செய்த முதல் காரியம்.

மனசு லேசாக இருக்கிறது. இனி எதைத் திருப்பிப் பார்க்கிறாய் என்று பார்க்கிறேன். இரவுக்குக் கஞ்சியும் பயறும்.

ஜூன் 25, புதன்

மூட்டம், மழை இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஃப் ரூம் வாசலில் லீலா வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றின போன். நகத்தில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. அபிஷா பற்றி ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், நான் ஒரு தப்பு செஞ்சு போட்டேன்."

"என்னது?"

"அந்தக் கணக்கு வீடியோவக் காணல. எனக்க கை ஈரமா இருந்து, எங்கயோ அமுக்கிட்டேன் போல. பிள்ளியளுக்கு உள்ளதுல்லா? நான் கெடுத்துப் போட்டேனே டீச்சர்."

கண் கலங்கியிருந்தது. எனக்குக் கையில் சோறு. வாசலை விட்டு அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். நீ எதற்கு அதைப் பார்த்தாய் என்று கேட்டேன்.

சுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு போயிற்று. அப்படியே கல்யாணம். இப்போது அங்கன்வாடி வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், பத்து பாஸ் வேண்டும். துணைத்தேர்வில் கணக்கு எழுதப் போகிறாள். அபிஷாவுக்குத் தெரியாது, வீட்டுக்காரனுக்கும் தெரியாது. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகும்போது போனை இடுப்பில் செருகிக்கொண்டு, மரம் மரமாகக் கேட்டுக்கொண்டே போவாளாம்.

"வீட்ல வச்சு கேக்க முடியாது டீச்சர், எல்லாரும் சிரிப்பாவ. மழ பெஞ்சா மரம் நனஞ்சிரும், வெட்டு கிடையாது. அன்னைக்கு எனக்குப் படிப்பும் கிடையாது."

வாளித் தண்ணீரில் கையைக் கழுவினேன்.

"ஒரு எடத்துல நீங்க தப்பு போட்டு அழிச்சியள்லா? அத மட்டும் திருப்பித் திருப்பி வப்பேன். டீச்சருக்கே தப்பு வருது, அழிச்சிட்டு அடுத்தது போடுதாவன்னு நெனச்சுக்கிடுவேன். அப்பத்தான் எனக்கு ஒரு தைரியம் வரும்."

நேரில் வா, சொல்லித் தருகிறேன் என்றேன். "அபிஷாக்குத் தெரிஞ்சிரும் டீச்சர். தோத்துப் போனா அதுக்க மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?" பரீட்சை எப்போது என்றேன். வருகிற வாரம்.

"நீ ஒண்ணும் அமுக்கல லீலா."

"பின்ன எப்பிடிப் போச்சு?"

"நெட்வொர்க் கோளாறு."

இதைத்தான் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. கைகூப்பினாள், குரூப்பில் போடுகிற அதே கைகூப்பு. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

ஜெ.யிடம் எல்லாம் சொன்னேன். அந்தச் சந்தேக லிஸ்டில் அவள் பேரையும் எழுதினதை மட்டும் சொல்லவில்லை. வீடியோ திரும்பக் கிடைக்காதாம். டேப்லெட்டில் இருந்ததை இடம் போதாமல் அவளே எடுத்துவிட்டாள். பொட்டு வீடியோ மட்டும் கிடக்கிறது. இருட்டு, என் குரல். லீலா கேட்கத்தானே செய்கிறாள், இது போதுமே என்றாள் ஜெ.

போட்டுக் கேட்டேன். அதில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு தப்புகூட இல்லை. இது உதவாது.

ஜூன் 28, சனி

மழை. வீட்டிலேயே எடுத்தேன். அடுக்களைக் கதவில் கரும்பலகைத் தாள் ஒட்டி, போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து. ஜெ. வேண்டாம் என்று நானேதான். இவர் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பேசக்கூடாது என்று உத்தரவு.

அந்த அட்டவணை வந்தது. கை பழக்கத்தில் மைனஸைச் சரியாகப் போட்டுவிட்டது. நிறுத்தினேன். மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை மைனஸை விட்டேன். எழுதும்போது காது சூடாகிவிட்டது. "சே, தப்பு. பரவாயில்ல, அழிச்சிட்டுப் போடுவோம்." பரவாயில்ல என்பது முன்பு இல்லை. இப்போது சேர்ந்திருக்கிறது.

குரூப்பில் போட்டேன். கீழே கைகூப்பு வந்தது. பார்த்தவர்கள்: பூஜ்யம்.

ஜூன் 30, திங்கள்

நேற்று மழை. இன்று மழை. பூஜ்யம். பிள்ளைகள்கூடப் பார்க்கவில்லை, பழைய பாடம்தானே என்று விட்டிருக்கும்.

இவருக்கு வயலுக்கு இன்னும் இரண்டு நாள் பெய்ய வேண்டுமாம். போதும் என்றேன். "மழைகிட்டயும் சந்தேகமாட்டி?"

உபரி லிஸ்ட் வந்தது. என் பேர் இல்லை. ஹெச்.எம். எனக்கு மட்டும் மிட்டாய் தந்தார். ஏன் எனக்கு மட்டும்?

ஜூலை 1, செவ்வாய்

மழை. பூஜ்யம். லீலாவுக்கு நாளை மறுநாள் பரீட்சை. அபிஷா வகுப்பில் தூங்கி வழிந்தாள். திட்ட வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஜூலை 2, புதன்

இருட்டிலேயே எழுந்தேன். வாசலில் கையை நீட்டினேன். ஓட்டிலிருந்து சொட்டுவது மட்டும்தான். மழை இல்லை. மரம் காய்ந்திருக்குமா என்று தெரியவில்லை.

அடுப்பில் பால், கையில் போன். பூஜ்யம். பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன். பூஜ்யம். இவர் எழுந்து வந்து போனையும் என்னையும் பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒன்று.

"நீங்க பாத்தியளா?" என்று கேட்டேன். வாயில் நுரையோடு இல்லை என்று தலையாட்டினார்.

நம்பவில்லை. அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அணைத்துத்தான் வைத்திருக்கிறார்.