சனிக்கிழமை காலை ஏழு மணி

பால்டிமோர்
24 ஜனவரி 2021, ஞாயிறு

தம்பி கால்மனுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நேற்று நம் யூத ஜெபாலய வாசலில் நின்று நீ கத்திய கத்தலிலேயே உன் நுரையீரல் நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது. போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் மூன்று தெரு தள்ளி இருப்பவனுக்குக் கடிதம்.

ஜெபாலய அலுவலகச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்படி சபை நிர்வாகக் குழுவின் காகிதம் வந்தது. கீழே தலைவர் என்று உன் கையெழுத்து. அழகாகத்தான் போட்டிருக்கிறாய்.

ஆமாம், செய்தேன். சனிக்கிழமை ஓய்வுநாளில் தொடக்கூடாத போனை அந்த அலுவலகத்தில் தொட்டேன், பேனாவையும் தொட்டேன். தடுப்பூசிக்கு நேரம் கொடுக்கும் எண் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் திறக்கிறது. இருபது நிமிஷத்தில் எல்லாம் காலி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் அந்தப் பெண், "எல்லாம் தீந்துபோச்சும்மா" என்கிறாள். நம் சபைக் கிழங்களில் பாதிப் பேர் கணினியைத் தொட்டதே இல்லை. முப்பது வருஷம் பள்ளி பஸ்களை போனிலேயே விரட்டியவள் நான். பதினோரு பேருக்கு நேரம் வாங்கினேன். ஜெல்டாவுக்கு எண்பத்தெட்டு வயது. "அப்போ இந்த பஸ்கா பண்டிகைக்கு நான் இருப்பேனாடி?" என்று கேட்டு அழுதாள்.

எட்டாவது பெயர் உன்னுடையது. புதன்கிழமை, பத்து நாற்பது. அடையாள அட்டையை மறக்காதே.

கொஞ்சமும் வருத்தப்படாத உன் அக்கா,
பெய்லா


26 ஜனவரி, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

நீ கேலி செய்வாய், தெரியும்.

அப்பா தையல் பட்டறைகளில் சனிக்கிழமை வரமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி, திங்கள்கிழமைதோறும் புது வேலை தேடி அலைந்தார். உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதையும் காணாமல் வளர்ந்தோம். அவர் பட்டினி கிடந்து காப்பாற்றிய நாளை நீ எல்லோர் கண்முன்னும் உடைத்தாய்.

உயிர் போகிற நேரத்தில் மீறலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் யார் உயிர் போய்க்கொண்டிருந்தது? எல்லோரும் வீட்டில் நன்றாகத்தானே இருந்தார்கள்? நம் சபையின் இளம் குருவான ரப்பியே "யோசிச்சு சொல்றேன்" என்கிறார். நீ அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டாய்.

மற்றவர்களை நான் தடுக்கவில்லை. அப்படி வாங்கிய ஊசிக்கு நான் கை நீட்டமாட்டேன். என் பெயரை அடித்துவிடு.

நீ அனுப்பிய கோழி சூப் நன்றாக இருந்தது. பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறேன்.

கால்மன்


2 பிப்ரவரி, செவ்வாய்

கால்மன்,

நீ போகவில்லை. பத்து நாற்பதுக்கு அந்த நாற்காலி காலியாக இருந்தது என்று நர்ஸ் எனக்குப் போன் செய்து சொன்னாள்.

கொரோனாவில் போன ஃபைவெலை நேற்று அடக்கம் செய்தோம். நாற்பது வருஷம் உன் எதிரில் உட்கார்ந்து வேதப் புத்தகம் படித்தவர், உன்னோடு சண்டை போடாமல் ஒரு பக்கம் புரட்டாதவர். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது பிந்திப்போய்விட்டது. ஆனால் யார் உயிர் போகிறது என்று கேட்டாயே, இதோ பதில்.

போன சனிக்கிழமை என்னால் நான்கு பேருக்குத்தான் நேரம் வாங்க முடிந்தது. மற்றவர்களின் பிறந்த தேதிகள் நீங்கள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. இன்னும் ஒன்பது பேர் பாக்கி.

அப்பாவைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறாய். 1950-இல் உனக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. ஒரு சனிக்கிழமை காலை உன் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கடைக்காரர் கிறிஸ்தவர், நம் வழக்கம் தெரிந்தவர். "நீங்க தொடாதீங்க சார், நான் போன் பண்றேன்" என்றார். அப்பா விடவில்லை. "இது அடுத்தவன் கையில குடுக்குற வேலையில்ல. நானே பண்றேன்" என்று தன் விரலாலேயே ஆம்புலன்ஸ் எண்ணைச் சுழற்றினார். பக்கத்தில் டாக்டர் யாரும் நின்று, இவன் சாகப்போகிறான் என்று அவருக்குச் சொல்லவில்லை. சந்தேகமே போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நீ மூச்சு விட்ட பிறகு, ஆபத்துதான் தாண்டிவிட்டதே என்று வண்டி ஏற மறுத்து ஆறு மைல் நடந்தே வீடு வந்தார்.

இரண்டும் அப்பாதான். நீ பாதியை மட்டும் வைத்துக்கொண்டு என் சாவியைப் பிடுங்கினாய்.

வரும் சனிக்கிழமையும் நான் போன் செய்வேன். போலீஸைக் கூப்பிடுவதானால், ஓய்வுநாளில் நீதான் கூப்பிட வேண்டும்.

பெய்லா


7 பிப்ரவரி, ஞாயிறு

அக்கா,

அப்பா தன் விரலால் போனைச் சுழற்றியதும், ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்ததும் எனக்குத் தெரியாது. அவர் சொன்னதே இல்லை. உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன், கோபம் வந்தது, பிறகு அழுதேன்.

நேற்று ஆறே முக்காலுக்கே அலுவலகத்தைத் திறந்தேன். தொழுகைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தேன். கதவைத் திறந்தே வைத்தேன். ஒளிந்து செய்வதற்கு இது திருட்டு வேலை இல்லை. ஏழு மணிக்கு எண்ணை அழுத்தினேன். என் விரல்தான்.

பொருளாளர் ஷிம்ஷன் எட்டிப் பார்த்து, "கால்மன், நீங்களுமா!" என்று அலறினார்.

"நான்தான். கத்தாதீங்க, லைன்ல ஆள் வரப்போறாங்க" என்றேன்.

பேனாவை மட்டும் தொடவில்லை. தொடாமலே முடிகிறபோது எதற்குத் தொட வேண்டும்? பண்டிகை நாட்களில் எழுதாமலே நன்கொடை குறிக்க, ஓரத்தில் எண்கள் அச்சிட்ட பெயர் அட்டைகள் வைத்திருக்கிறோமே, அவற்றை எடுத்தேன். தேதிக்கு ஒரு கிளிப், மணிக்கு ஒரு கிளிப் மாட்டினேன். ஒன்பது பேருக்கும் கிடைத்துவிட்டது. தேதிகளை இதோடு வைத்திருக்கிறேன்.

ஏழு மணிக்கு முன், நீ அலுவலகத்தில் விட்டுப்போன பட்டியலோடு அட்டைகளை ஒப்பிட்டபோதுதான் ஒன்று கவனித்தேன். ஊருக்கெல்லாம் நேரம் வாங்கியவள் தன் பெயரை எங்கேயுமே எழுதவில்லை. உனக்கு எண்பது வயது, அக்கா. உன் பிறந்த தேதி எனக்கு அலமாரியைத் திறக்காமலே தெரியும். அதனால் ஓய்வுநாளை உடைத்து நான் செய்த முதல் அழைப்பு உனக்காக. வியாழக்கிழமை, ஒன்பது இருபது. போகாமல் இருந்துவிடாதே, அந்தப் புத்தி நம் குடும்பத்தில் எனக்கு மட்டும் போதும்.

என் அட்டையில் கிளிப் மாட்டவில்லை. அந்த அழைப்பை நீதான் செய்ய வேண்டும். சனிக்கிழமை ஏழு மணிக்கு வா, இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

குழு என்னிடமும் சாவியைக் கேட்டிருக்கிறது. கொடுக்கவில்லை.

உன் தம்பி,
கால்மன்