கண்டெடுத்துக் கொடுத்தவர்கள்

சிதம்பரம்
7-7-1963

அன்புள்ள சௌந்தரம் அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க இறைவன் அருள்வானாக. தலைமையாசிரியை ஆன பிறகு உங்கள் கடிதம்கூடச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. டிரெயினிங்கில் ஒரே அறையில் இருந்தவளிடம் இவ்வளவு விறைப்பு வேண்டாம்.

பிள்ளைகள் அடித்தும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பேசியவர்கள் பேரைக் கரும்பலகையில் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். சாயங்காலம் மணி அடிக்குமுன், அன்றைக்கு நல்லது செய்த இரண்டு பேர் பேரை எழுதுகிறேன். பரிசெல்லாம் இல்லை. சண்டைக்காரி மலிகாகூட நேற்று யாரும் சொல்லாமலே தண்ணீர்ப் பானையைக் கழுவி வைத்தாள். நீங்களும் செய்து பாருங்கள்.

பிரியமுள்ள,
சைதுன் பீவி

கடலூர்
4-8-1963

அன்புள்ள சைதுனுக்கு ஆசிகள்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவளா? பேர் எழுதியதோடு வாரம் ஒரு பென்சில் பரிசும் வைத்தேன். கண்டெடுத்த பொருளைக் கொண்டுவந்து கொடுத்தால் முதலிடம். இரண்டே வாரத்தில் என் மேசைமேல் பதினோரு ரப்பர், நாலு பேனா மூடி, ஒற்றைக் கொலுசு. எட்டாம் வகுப்பே யோக்கியமாகிவிட்டது என்று பூரித்துப்போனேன். பார்த்தால், ஒளித்து வைத்ததும் அவர்களே, கண்டெடுத்ததும் அவர்களே.

அந்த ஆத்திரத்தில் இருந்தபோது அமராவதி என்கிற பெண் ஒரு பேனாவைக் கொண்டுவந்தாள். பேனாக்காரி, "எம் பையிலேருந்து எடுத்துட்டா டீச்சர்" என்று அழுதாள். எல்லார் முன்னும் அமராவதிக்குக் கையில் ஆறு அடி கொடுத்தேன். "வராண்டாவுலதான் கெடந்துச்சு" என்பதை அவள் கடைசிவரை மாற்றவில்லை. மறுநாள் பேனாக்காரி தனியாக வந்து, தானே தொலைத்ததை மறைக்கப் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டாள். அமராவதி பத்து நாளாக வரவில்லை. அதற்காகத் தலைமையாசிரியை வீடு வீடாகப் போய் நிற்க முடியுமா? உன் யோசனையால் வந்த வினை.

சௌந்தரம்

சிதம்பரம்
8-8-1963

அன்புள்ள அக்கா,

பென்சிலை நான் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு பேர் என்று கணக்கு வைத்ததே போட்டிதான், அது என் தப்பு. இப்போது என் வகுப்பில் அந்தக் கணக்கு இல்லை.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் அக்கா. பேனாக்காரி உங்களிடம் தனியாகத்தானே ஒப்புக்கொண்டாள்? வகுப்புக்கு அமராவதி இன்னும் திருடிதான். நீங்கள் போய்க் கூப்பிடாவிட்டால் அவள் படிப்பு ஏழாம் வகுப்போடு முடிந்தது. இதைச் சொன்னதற்காக எனக்கு எழுதுவதை நிறுத்தினால் நிறுத்துங்கள்.

சைதுன்

கடலூர்
1-9-1963

அன்புள்ள சைதுன்,

இரண்டு வாரம் உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு அமராவதி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தைலம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. "காடாம்புலியூருக்கு அனுப்பிட்டேங்க, எந்தங்கச்சியோட முந்திரி உடைக்க. திருடின்னு பேரு வாங்கிட்டு அது எப்படிங்க பள்ளிக்கூடம் போவும்?" என்றாள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அதைப் புள்ளைகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அவளைக் கூட்டிவந்துவிட்டேன். திங்களன்று அவளை அடித்த அதே இடத்தில் நின்று, நடந்ததை வகுப்புக்குச் சொன்னேன். தினமும் வருகிறாள். என்னிடம் இன்னும் பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

ஒன்றை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நான் போனபோது முந்திரி உடைக்கும் கொட்டகையில் பத்துப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முந்திரித் தோட்டின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்து உரிந்திருந்தன. நான் வாய் திறக்குமுன் எழுந்து வந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அடி வாங்கக் கையை நீட்டினாள். இத்தனை நாளில் என்னிடம் அவள் படித்துக்கொண்டது அதுதான் சைதுன்.

உன்,
சௌந்தரம்