சரிவு எந்தப் பக்கம்

அக்டோபர் 14, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. சமையல்கட்டிலிருந்து குளியலறை வரைக்கும் கிடந்த சிமெண்ட் பாதையை உடைத்தாயிற்று. சுவரோரம் முழுக்கப் பாசி. ஆகஸ்டில் ஜெயா வழுக்கி விழுந்தது இதில்தான். இடுப்பெலும்பு முறிவு. சனிக்கிழமை எங்கள் மகள் வீட்டிலிருந்து வருகிறாள், வாக்கரோடு. அதற்குள் முடிக்க வேண்டும்.

மருமகன் போனில்: "மறுபடி சிமெண்டே போட்ருங்க மாமா, ஒரு நாள் வேலை." சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். போடப் போவதில்லை.

எல்லாம் அவள் தேய்ந்த செருப்பால் வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

வாங்க: புதுச் செருப்பு, காப்பித்தூள், எலிப்பொறி.

அக். 15, புதன்

கல் வந்தது. தட்டைக் கல், மேலே சொரசொரப்பு. ஒரு சாண் தோண்டி, ஜல்லி, கல்தூள், அதன்மேல் கல். இடுக்கில் மண் கூடாது, பொடி ஜல்லி மட்டும். தண்ணீர் உள்ளே இறங்க வேண்டுமே. சரிவு வழக்கம்போல் உள்பக்கம், சுவரைப் பார்த்து.

முதுகு வலி. எலி இன்னும் மாட்டவில்லை.

அக். 16, வியாழன்

பாதை முடிந்தது. மூன்று மணிக்குப் பேய்மழை. நின்றதும் பக்கத்து வீட்டு மாரியப்பன் எட்டிப் பார்த்தான். எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்தவன். "என்னண்ணே, செவரோரம் கொளம் கட்டி நிக்கி? எஸ்டேட் ரோடு மாதிரில்லா போட்டுருக்கீரு!"

முப்பது வருடம் சூப்பர்வைசர். மலைமேல் போகும் எஸ்டேட் ரோட்டில் வெளிப்பக்கம் பள்ளம், தண்ணீர் அங்கே போனால் ரோட்டையே அரித்துவிடும். அதனால் மலைப்பக்கம் சரிவு, அங்கே தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கும். இங்கே மலைக்குப் பதில் இருப்பது சமையல்கட்டுச் சுவர். கான் ஏது?

பழைய பாதையும் நான் போட்டதுதான். அதிலும் இதே சரிவு. தண்ணீர் நின்றது, பாசி பிடித்தது, அவள் விழுந்தாள்.

செருப்பு இல்லை. வெட்கமாக இருக்கிறது. சாப்பிடவில்லை.

அக். 17, வெள்ளி

மொத்தக் கல்லையும் பெயர்த்தோம், நானும் மாரியப்பனும். அடிமண்ணையே வெளிப்பக்கம் பூண்டுப் பாத்தியைப் பார்த்துச் சாய்த்து மறுபடி அடுக்கினோம். நான்கு குடம் ஊற்றிப் பார்த்தேன். சுவரோரம் காய்ந்தே கிடக்கிறது.

எலி மாட்டியது.

அக். 18, சனி

தூறல். ஜெயா பத்து மணிக்கு வந்தாள். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பாதையின் கடைசி வரை போய்த் திரும்பினாள். நான் பின்னாலேயே.

சொல்லிவிட்டேன். "செருப்பு இல்ல ஜெயா. நான் வச்ச சரிவு."

வாக்கரை நிறுத்தினாள். "விழுந்த அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்."