டாங்கிகள் இறங்கவில்லை, அப்பா

கோபம் வந்தால்கூடக் குரல் உயர்த்தத் தெரியாத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்குக் கடிதம் எழுதத் தோன்றியதே இல்லை. உங்களிடம் பேச வேண்டியதையெல்லாம் பட்டாபிராமில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் மனசுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவேன். ஒன்றை மட்டும் ரயிலிலும் பேசியதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோபானி மறுபடியும் செய்தியில் வருகிறது அப்பா. நம் மாடியில் குடியிருந்த தில்ஷாத் அண்ணனின் ஊர். சிரியாவின் வடக்கு ஓரத்தில், எல்லைக் கம்பிவேலியை ஒட்டி இருக்கும் குர்து மக்களின் ஊர். பதினோரு வருடத்துக்கு முன்னால் சுற்றி வளைத்தவர்கள் கறுப்புக் கொடி தூக்கிய தீவிரவாதிகள். இன்றைக்கு வேறு ஆட்கள். ஊர் மட்டும் அதேதான். தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, குளிர் தாங்க முடியவில்லை என்கிறார்கள். பெரிய நாடுகள் எல்லாம் ஆழ்ந்த கவலை தெரிவித்திருக்கின்றன. கவலை தெரிவிக்க டீசல் செலவாகாது, இல்லையா?

வீட்டுச் செய்தி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலிதான், மற்றபடி குறையில்லை. வெளியூர் பஸ்களுக்கான புது குத்தம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போவது வெளியூர் போவதைவிடத் தூரம் என்று போகாமலேயே புலம்புகிறார். நான் அதே அம்பத்தூர் எஸ்டேட்டில், அதே கம்பெனியில், கியர் பாகங்களுக்கு அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். நூலளவு பிசகினாலும் ஓரம் தள்ளிவிடுவேன். அந்தப் புத்தி உங்களிடமிருந்து வந்தது. சொந்த வாழ்க்கையில் ஒரு பெரிய பிசகை மட்டும் பதினோரு வருடத்துக்கு மேல் ஓரம் தள்ளாமல் வைத்திருந்தேன்.

தில்ஷாத் அண்ணன் நம் மாடிக்கு வந்தபோது நீங்கள் டாங்கி ஃபாக்டரியிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் இங்கே படிக்க வந்து, பிறகு பூந்தமல்லி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அரபி பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகத் தங்கிவிட்டவர். டாக்டர் முகத்தில் அடித்த மாதிரி சொல்வதை நோயாளி தாங்குகிற மாதிரி சொல்வதுதான் தன் வேலை என்பார். தமிழை நம் தெருவில்தான் கற்றுக்கொண்டார். முதல் மாதமே உங்களை நைனா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் தங்கச்சி ஆனேன். சிவந்த முகமும் பச்சைக் கண்ணுமாக ஒருவர் நம் கடைக்காரரிடம் "இன்னாண்ணா, தக்காளி இப்டி கீது?" என்று கேட்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கும்.

அந்தப் படம் வந்த காலையை நான் மறக்கவில்லை. கோபானியின் மூன்று பக்கமும் கறுப்புக் கொடிக்காரர்கள். நான்காவது பக்கம் எல்லை. எல்லைக்கு அந்தப் புறம் ஒரு குன்றின் மேல் பக்கத்து நாட்டு ராணுவத்தின் டாங்கிகள் வரிசையாக நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதுதான் பேப்பரில் வந்த படம். தில்ஷாத் அண்ணனின் அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு வேலியைத் தாண்டிவிட்டார். அவர் அம்மா, ஆமினா அம்மா, வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். எப்படியாவது கிளம்ப வைக்க வேண்டும் என்று அண்ணன் போனும் கையுமாகப் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு ஒரு டாங்கியின் பீரங்கிக் குழல் முனையை விரலால் தொட்டுக் காட்டினீர்கள். "கவர் கழட்டிட்டான் பாரு. சும்மா நிக்கிறவன் கவர் கழட்ட மாட்டான்."

எனக்கும் அது உடனே புரிந்தது. ஏன் புரியாது? சின்ன வயதில் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு ஃபாக்டரிக்குள் விடுவார்கள். சர்ச்சுக்குப் போகிற வீடாக இருந்தாலும் நாம் ஒரு வருடம்கூடத் தவறாமல் போவோம். பொரியும் சுண்டலும் வாங்கித் தந்துவிட்டு, நீங்கள் போல்ட் முடுக்கிய டாங்கியின் மேல் என்னை ஏற்றி உட்கார வைப்பீர்கள். குழலின் வாயை மூடியிருக்கும் கேன்வாஸ் உறையைக் காட்டி, இது மாட்டியிருந்தால் தூங்குகிறது, கழற்றினால் விழித்துவிட்டது என்று சொல்வீர்கள். சோதனை மைதானத்தில் சுடச் சொல்லி உத்தரவு வந்த பிறகுதான் உறைமேல் கை வைக்க வேண்டும் என்பது ஃபாக்டரியில் உங்கள் பிரிவின் சட்டம். முப்பத்திரண்டு வருடத்தில், உறையைக் கழற்றிவிட்டுச் சுடாமல் நின்ற ஒரு டாங்கியைக்கூட நீங்கள் பார்த்ததில்லை. அந்தச் சட்டம் ஆவடிக்கு மட்டும்தான் என்று நமக்குத் தோன்றவில்லை அப்பா. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

தில்ஷாத் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டார். நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல அவர் தன் மொழியில் அம்மாவுக்குச் சொன்னார். "ரெண்டு நாளு. மிஞ்சிப்போனா மூணு. எறங்கி வந்து காப்பாத்திடுவான். அந்தம்மாவை அலையவிடாதே, ஊட்லயே இருக்கச் சொல்லு" என்றீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. அண்ணன் லேசாகச் சிரித்தபடி அதை உங்களிடம் கேட்டார். நீங்கள் உண்மையிலேயே டாங்கி செய்தவரா என்று அம்மா கேட்கிறாராம்.

"முப்பத்திரெண்டு வருசம்னு சொல்லு" என்றீர்கள்.

மறுநாள் அக்கா தன் அம்மாவை அழைத்துப்போக வேலியைக் கடந்து திரும்பி வந்தாராம். ஆமினா அம்மா வரவில்லை. இந்தியாவில் டாங்கி செய்தவரே சொல்லிவிட்டார், நீ போய்ப் பிள்ளைகளைப் பார் என்று மகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அப்பா, டாங்கிகள் இறங்கவில்லை.

ஒரு டாங்கிகூட இறங்கவில்லை. இரண்டு நாள் நின்றன, மூன்று நாள் நின்றன, அதற்குப் பிறகும் நின்றன. குன்றிலிருந்து பார்த்தால் ஊரில் எந்தத் தெருவில் புகை எழும்புகிறது என்று தெரியுமாம். மூன்றாம் நாள் புகை எழுந்தது ஆமினா அம்மாவின் வீட்டிலிருந்து. முற்றுகையிட்டவர்களின் குண்டு. உறையை எதற்குத்தான் கழற்றினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தப்பி வருகிறவர்கள் கும்பலாக வேலியைத் தாண்டக் கூடாது என்பதற்காகக்கூட இருக்கலாம். பிறகு எங்கோ தூரத்து நாட்டு விமானங்கள் வந்து குண்டு போட்டன. கறுப்புக் கொடிக்காரர்கள் ஓடினார்கள். ஊரும் மீண்டது. மீண்டபோது தெரு எது வீடு எது என்று அடையாளம் தெரியவில்லை என்று அண்ணன் சொன்னார். காப்பாற்ற வந்தவர்களுக்கு நன்றி சொல்வதா, அவர்கள் இடித்ததற்கு அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அக்கா போன் செய்த அன்று மத்தியானம் தில்ஷாத் அண்ணன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் துணி காயப்போட மேலே போய்க்கொண்டிருந்தேன். "எங்கம்மா பூட்ச்சு, தங்கச்சி" என்றார். அதைச் சொல்லவும் அவருக்கு நம் தெருத் தமிழ்தான் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதேன். ஆனால் அப்பா, என் மனசு முதலில் ஓடியது அந்த அம்மாவிடம் இல்லை. கீழே சாய்வு நாற்காலியில் இருந்த உங்களிடம். உங்கள் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அப்பாவிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார் என்று கெஞ்சினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேற இன்னா சொல்றது?" என்று கேட்டார்.

"டாங்கி எறங்கிச்சுன்னு சொல்லுங்கண்ணா. அம்மாவைக் கூட்டிகினு பூட்டாங்கன்னு சொல்லுங்க."

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு உங்களிடம் வந்தார். நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தை மென்மையாக்கிச் சொல்கிறவர், தன் அம்மா செத்த அன்று உங்களுக்காக அதைச் சந்தோஷமாக மாற்றிச் சொன்னார். நீங்கள் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டீர்கள். அவர் உங்கள் தோளில் முகத்தை வைத்து விம்மினார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து நீங்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தீர்கள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு அழுவதற்குக்கூட வேறு இடம் இல்லாமல் செய்துவிட்டேன்.

அது அதோடு நின்றிருந்தால்கூட நான் எப்படியாவது மறந்திருப்பேன். அறுப்பின் பண்டிகை வந்தது. ஏலத்துக்குக் கொடுக்க நம் வீட்டுப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போனீர்கள். கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில், வாழ்க்கையில் ஒருநாளும் மைக் பக்கம் போகாதவர், எழுந்துபோய் நின்றீர்கள். முற்றுகையில் இருந்த ஒரு தாய்க்குத் தைரியம் சொல்ல இந்தக் கைத்தொழிலைக் கர்த்தர் பயன்படுத்தினார், கவர் கழற்றியதை என் கண்ணுக்குக் காட்டினார், டாங்கிகளை இறங்க வைத்தார் என்றீர்கள். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. நானும் சொன்னேன். என் பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். அம்மாவுக்கும் உண்மை தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நீங்கள் மறுபடி ஒரு முறைகூட சாட்சி சொல்லவில்லை. டிவியில் அந்த ஊர் வந்தால் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவீர்கள். தில்ஷாத் அண்ணனிடம் அவர் அம்மா நலமா என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. காப்பாற்றியதாக நினைக்கும் ஒருவரைப் பற்றி ஒரு மனிதன் கேட்காமலா இருப்பான்?

கல்லறைத் திருநாள் வேறு. வழக்கமாகத் தாத்தாவுக்கு ஒன்று, ஆயாவுக்கு ஒன்று என்று இரண்டு மெழுகுவத்திதான் வாங்குவோம். அடுத்த வருடத்திலிருந்து நீங்கள் மூன்று வாங்கினீர்கள். மூன்றாவதை எந்தக் கல்லறையிலும் வைக்காமல், மதில் ஓரமாக, காற்றுக்கு ஒரு செங்கல்லை மறைப்பு வைத்து ஏற்றினீர்கள். யாருக்குப்பா என்று கேட்டேன். "ஆளில்லாதவங்களுக்கும்மா" என்றீர்கள். நான் அதை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

தெரியுமா அப்பா உங்களுக்கு? யார் சொன்னார்கள்? பேப்பரிலிருந்து நீங்களே புரிந்துகொண்டீர்களா? என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று நீங்களும், உங்களை வருத்தப்படுத்தக் கூடாது என்று நானும், இடையில் அந்த மனிதரை ஊமையாக்கி வைத்திருந்தோமா?

இப்போது அவர் ஜெர்மனியில் இருக்கிறார். அவர் அக்கா, ஊர் மீண்டதும் திரும்பிப்போய், அம்மாவின் வீடு இருந்த இடத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். போன வாரம் நான் வேலையில் இருந்தபோது அண்ணன் ஒரு படம் அனுப்பினார். மறுபடியும் டாங்கிகள். ஊருக்கு வெளியே, பனியில், வரிசையாக. கீழே ஒரு வரி: "நைனா இருந்தா இன்னா சொல்வாரு, தங்கச்சி?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கண் தானாகவே குழல் முனைக்குத்தான் போனது. உறைகள் மாட்டியிருந்தன. உறை போட்டிருக்கிறது, பயப்படாதீர்கள் என்று டைப் அடித்துவிட்டேன் அப்பா. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கையில் இருந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, எழுதியதை அழித்தேன். பிறகு, படத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது அண்ணா, உள்ளே உட்கார்ந்திருப்பவன் மனசு படத்தில் தெரியாது, அக்காவுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யட்டும் என்று எழுதினேன். அன்றைக்கு நான் படியில் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் முறை.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கிளம்பமாட்டாராம். பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்கள் பதினான்கு பேர் அந்த வீட்டில் இருக்கிறார்கள், விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்கிறாராம். நாங்கள் இங்கிருந்து என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது" என்றார். "யாராச்சும் காப்பாத்த வருவாங்கன்னு மட்டும் எங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லுது."

நேற்று காலையிலிருந்து அக்கா போன் எடுக்கவில்லையாம். சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் நான் எழுந்து நிற்பேன் அப்பா. நீங்கள் நின்ற அதே இடத்தில். டாங்கிகள் இறங்கவில்லை என்று சொல்வேன். ஆமினா அம்மா என்று ஒருவர் எங்கள் வார்த்தையை நம்பி வீட்டில் இருந்தார், செத்துப்போனார் என்று சொல்வேன். பொய் என்னுடையது, என் அப்பாவுடையது இல்லை என்றும் சொல்வேன். ஸ்தோத்திரம் சொல்லத் தெரியாமல் சபை விழிக்கும். விழிக்கட்டும். கல்லறைத் திருநாளுக்கு, நீங்கள் போனதிலிருந்து வாங்குகிற மாதிரி, நான்கு மெழுகுவத்தி வாங்குவேன். ஒன்று உங்களுக்கு. மதிலோரத்து மெழுகுவத்தியை இனி ஆளில்லாதவர்களுக்கு என்று ஏற்றமாட்டேன், பெயர் சொல்லித்தான் ஏற்றுவேன். ஐந்தாவது ஒன்று வாங்க வேண்டி வரக் கூடாது என்று மட்டும் நீங்கள் அங்கே கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
தில்ஷாத் அண்ணனின் தங்கச்சி,
எஸ்தர்
பட்டாபிராம்