ஜெரினா, உன் மகள் கிழித்த மதிப்புரை

அடியே என் ஜெரினா,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் காதைக் கொடு. சொல்ல வந்த செய்தி வயிற்றுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. நம் மதிப்புரைப் பக்கங்கள் பிழைத்துவிட்டன! யாரால் தெரியுமா? உன் நஸ்ரினால். மதப் புத்தகம் என்றாலே "வேற பணியில்லையா உங்களுக்கு" என்று எழுந்து போவாளே, அவளேதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ போன பிறகு நம் காலாண்டிதழ் ஆசிரியர் போனில் கூப்பிட்டார். மதம் பற்றிய ஆய்வு நூல்களுக்கும் படங்களுக்கும் நாம் இருவரும் எழுதிவந்த பக்கங்களை இனி என்ன செய்வது என்று கேட்டார். "நீங்க ஒருத்தரா எழுத முடியும்னா எழுதுங்கம்மா. இல்லேன்னா இந்த இதழோட நிறுத்திக்கலாம்" என்றார். நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

ஒருத்தியாக எப்படியடி எழுதுவது? நம் வழக்கம் அப்படியா? உன் மதத்தைப் பற்றிய புத்தகம் வந்தால் நான் எழுத வேண்டும், என் மதத்தைப் பற்றியது வந்தால் நீ எழுத வேண்டும். எழுதியதைச் சனிக்கிழமை சாயங்காலம் கொச்சங்காடியில் உன் வீட்டு மாடியில், கீழே சுக்கு மூட்டை இறக்கும் சத்தத்தையும் மீறி, உரக்க வாசிக்க வேண்டும். கேட்பவள் தகவல் தப்பைத் திருத்தலாம், கருத்தில் கை வைக்கக் கூடாது. அம்மன் திருவிழாக்கள் பற்றிய அந்தப் பேராசிரியரின் புத்தகத்தை நீ வறுத்தெடுத்தபோது நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, நினைவிருக்கிறதா? கரகம் எடுக்கும் கிழமையை மட்டும் திருத்திவிட்டு, வீட்டுக்கு வந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

இந்த முறை வந்தது உன் பக்கத்துப் புத்தகம். கடலோர ஊர்களின் தர்காக்களைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு ஆங்கில ஆய்வு நூல். கூடவே, தர்காவை வைத்து எடுத்த ஒரு மலையாள வெப் சீரிஸ். எர்ணாகுளம் பஸ்ஸில் ஏறினால் அதைப் பற்றித்தான் பேச்சு. இரண்டையும் சேர்த்து ஒரே கட்டுரையாக எழுதினேன். வாசித்துக் காட்டத்தான் ஆள் இல்லை. வழக்கத்தைக் கைவிடவும் மனம் வரவில்லை, நஸ்ரினைப் பிடித்தேன். அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்றாலும், காதால் கேட்டால் போதுமே!

வேலை முடிந்து படகில் வந்து இறங்கியவளை உட்கார வைத்து, சாயா போட்டுக் கொடுத்து ஆரம்பித்தேன். மதநல்லிணக்கத்தின் விளக்கு, எல்லோருக்கும் திறந்த வாசல், அறிஞரின் அரிய உழைப்பு, தொடரின் கண்கொள்ளாக் காட்சிகள் என்று போயிற்று. முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறாள்.

"எந்தா சின்னம்மா இது? மதிப்புரையா, செத்தவங்களுக்கு அனுசோசனக் கூட்டத்துல பேசுற பேச்சா?"

"தகவல்ல தப்பிருந்தா மட்டும் சொல்லு. கருத்து என்னோடது."

"தகவலெல்லாம் சரிதான். ஆனா பயந்து பயந்து எழுதியிருக்கீங்க. அம்மா மரிச்சுப் போயாச்சு, அவ போயிட்டிருந்த தர்காவைப் பத்தி ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு பயம்."

சுருக்கென்றது ஜெரினா. உண்மைதானே? அடுத்தவர் மார்க்கத்தைப் பற்றி எழுதும்போது எங்களைப் போன்ற வேறு மதத்துக்காரர்கள் வழுக்கும் இடம் அதுதான். மரியாதை, மரியாதை என்று நல்ல வார்த்தையாக அடுக்கி, கடைசியில் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். நீ எதிரில் உட்கார்ந்திருந்தால் அப்படிப் பூசி மெழுக எனக்குத் தைரியம் வந்திருக்காது.

அவள் விடவில்லை. "அம்மா வியாழக்கிழமை தோறும் போனது நல்லிணக்கம் காட்டவா? அவளுக்கு அது விசுவாசம். எனக்கு அது சரின்னு படல. அதுக்காக நாங்க எத்தனை சண்டை போட்டிருக்கோம்! அந்தச் சண்டை இந்தப் புஸ்தகத்துல உண்டா?"

இருந்தது, ஜெரினா! ஒரு அத்தியாயம் முழுக்க இருந்தது. தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்று ஒரே வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதமும் மார்க்கத்தின் வாழ்வில் ஒரு பகுதிதான், அது இன்று நேற்று முளைத்ததல்ல என்கிறார் அந்த நூலாசிரியை. புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சண்டையை நான் ஊருக்குச் சொல்வது போலாகிவிடுமே என்று அதைத் தொடாமல் விட்டிருந்தேன்.

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். சாயா ஆறியது, அவள் நிமிரவே இல்லை. ஒரு பக்கத்தில் சிரித்தாள். அடுத்த பக்கத்தில் மேஜையைத் தட்டினாள். படித்த பிள்ளைகள் வெளியாட்களின் பிரசங்கத்தால் மாறித்தான் தர்காவை விடுகிறார்கள் என்று முடிவுரையில் எழுதியிருக்கிறதாம்.

"என்னை யாரும் வந்து மாத்தல. நானே புஸ்தகம் வாயிச்சேன், நானே ஆலோசிச்சேன், நானே தீர்மானிச்சேன். இவங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அந்த சீரிஸ் அதைவிட மோசம். தர்காக்கு வர்ற பொம்பளை ஒருத்தியாவது வாயைத் திறக்குறாளா? புகை, பாட்டு, கண்ணீர். நம்ம அம்மா அப்படியா இருந்தா? சாயாக்குச் சீனி கூடினாலே ஊரைக் கூட்டுவாளே!"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உடைந்து அழுதாள். நீ போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"சண்டை போட ஆளில்ல சின்னம்மா" என்றாள்.

எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்? அவள் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாளே கட்டுரையை மாற்றி எழுத உட்கார்ந்தோம். வரிக்கு வரி வாக்குவாதம். அந்த அத்தியாயத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம், முடிவுரையை உண்டு இல்லை என்று ஆக்கினோம். புகையைக் காட்டி மனிதர்களை மறைத்துவிட்டது என்று தொடரையும் ஒரு பிடி பிடித்தோம். ஆசிரியர் படித்த கையோடு போன் செய்தார். "இதுதாம்மா வேணும்! பக்கங்களை நிறுத்த வேண்டாம். ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம் இல்லையா?" என்றார். அச்சில் வந்துவிட்டது. நஸ்ரின் தன் பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்ததை நீ பார்த்திருக்க வேண்டும்!

ஒன்று கேட்கட்டுமா? அந்த வியாழக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து என்ன வேண்டினாய்? அவளுக்காகத்தானா? அவள் தர்காவுக்குப் போகவில்லை, போகவும் மாட்டாள், அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் நீ ஏன் போனாய் என்று இப்போதுதான் என்னிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததற்கு நான் எங்கே போக?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் ஜெரினா. தாயில்லாப் பிள்ளை என்று ஒருநாளும் அவளுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் சொல்வது தப்பென்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்வேன், கத்துவேன், கதவைச் சாத்திக்கொண்டு போவேன், மறுநாள் காலை அவள் வாசலில் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
உன் மகளோடு சண்டை போட உயிரோடிருக்கும் அவள் சின்னம்மா,
ராணி
மட்டாஞ்சேரி