இடது ஓரத்து இருட்டு

மாப்ள,

வீட்டில் குழாய் வேலை நடக்கிறது. பிளம்பர் பிவிசி பசை டப்பாவைத் திறந்ததும் அந்த நெடி வீடு முழுக்கப் பரவிவிட்டது. என்னால் கீழே உட்கார முடியவில்லை, மாடிக்கு வந்து இதை எழுதுகிறேன். நீ போவதற்கு முந்தைய கோடையில், விளாங்குடியில் உன் ஸ்டுடியோவின் பின்னறை இந்த நெடியிலேயே ஊறிக் கிடந்தது.

உன் கல்யாண வீடியோ கேமரா அப்போதுதான் உயிரை விட்டிருந்தது. அதன் முன்னால் திருகி மாட்டும் வைடு லென்ஸ் மட்டும் கீறல் இல்லாமல் இருந்தது. "இத எப்படியாச்சும் போன்ல மாட்டிப்புடணும் மாப்ள. கொட்டாம்பட்டி காதுகுத்துக்கு ஒத்துக்கிட்டேன்" என்றாய். பிவிசி குழாய் மூடியின் நடுவில் துளை போட்டு, போனின் பின் கவரில் ஒட்டி, லென்ஸ் இறுக உட்கார சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சொருகினோம். முதல் அடாப்டரில் படத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுந்தது. லென்ஸ் தள்ளி நிற்கிறது என்று கண்டுபிடித்து மூடியின் உயரத்தை உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்தாய். அடுத்ததில் திரையின் மூலை வரைக்கும் வெளிச்சம். நான் கைதட்டினேன். நீ சிரிக்கவில்லை.

"இடது ஓரம் இன்னும் இருட்டா இருக்கு பாரு."

எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. "ஒனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு" என்று கேலி செய்துவிட்டு அரத்தை எடுத்தாய். படம் பார்ப்பதில் உன் கண்ணை ஊரே நம்பியது, நானும் நம்பினேன். நீ அராவ அராவத் துளை முட்டை வடிவமானது. அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றில் தொடங்கினாய். "இம்புட்டு அராவியும் போகமாட்டேங்குதே" என்றாய்.

அந்த நாட்களில்தான் டீக்கடையில் உன் இடப்பக்கம் வைத்த கிளாஸைத் தட்டிவிட்டாய். பைக்கில் போகும்போது ரோட்டோரம் நின்ற தள்ளுவண்டியை உரசிவிட்டு, "ஹேண்டில் இழுக்குது" என்றாய். பைக்கை மெக்கானிக்கிடம் விடச் சொன்னேன். விட்டு வாங்கிய பிறகும் உரசினாய். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

வெட்டவெளியில் சோதிக்கலாம் என்று திருவாதவூர்க் கண்மாய்க்கரைக்குப் போனோம். நல்ல உச்சி வெயில், கரையில் வேறு யாரும் இல்லை. வரிசையாகப் படம் எடுத்தாய். அங்கேயும் அதே இருட்டு. இந்த முறை உனக்குக் கோபம் வரவில்லை, யோசித்தாய்.

"அடாப்டர்தான் மறைக்குதுன்னா, போனத் தலைகீழாத் திருப்புனா இருட்டும் வலப்பக்கம் வரணுமுல்ல?"

திருப்பிப் பார்த்தாய். நேராக்கினாய். மறுபடியும் திருப்பினாய்.

"வரல மாப்ள. அங்கெனயேதான் இருக்கு."

பிறகு போனை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் கண்மாயைப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய்.

"தண்ணியிலயும் இருக்கு."

திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன்.

ஸ்கேன் எடுத்துவிட்டுத் தலையில் வலப்பக்கம் கட்டி என்றார் டாக்டர். "வலப்பக்கம் கட்டின்னா இடப்பக்கம் ஏன் சார் இருட்டுது?" என்று கேட்டாய். இடப்பக்கத்தைப் பார்ப்பது மூளையின் வலப்பாதிதான் என்று அவர் விளக்கினார். "உள்ளயும் எவனோ மாத்தி மாட்டியிருக்கான்டா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய். பக்கத்தில் நின்ற உன் மனைவி, என் தங்கச்சி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபரேஷனில் கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை. மழைக்காலம் வரும்வரைகூட நீ இருக்கவில்லை.

போன வாரம் தங்கச்சி உன் போனைக் கொண்டுவந்தாள். "இதுல உள்ள படத்தையெல்லாம் எடுத்துக் குடுங்கண்ணே" என்றாள். கண்மாய்க்கரையில் எடுத்தவை அப்படியே இருந்தன. அன்றைக்குப் பிறகு நாம் அவற்றைத் திறக்கவே இல்லை. ஒவ்வொன்றிலும் இடது ஓரத்தில் நான் நிற்கிறேன். திரையில் வெயில் படாமல் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு படத்துக்குள். கல்யாண வீட்டில் யாராவது இப்படிக் குறுக்கே வந்தால் மேடை என்றும் பாராமல் கத்துகிறவன் நீ. அன்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவே இல்லை.

அந்தப் படங்களை என் போனிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். கடைசிப் படத்தில் நான் கண்மாயைப் பார்க்கவில்லை, பயந்துபோய் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரம்தான் மாப்ள, உனக்கு நான் தெரியவில்லை.