முகம் தெரியவில்லை

ஜனவரி 6, திங்கள்

ரெக்கார்டு நோட்டில் கடைசிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. மத்தியானம் லேபில் வேலை இல்லை. காலேஜ் மெயில் ஐடி இருந்தால் மாணவர்களுக்கு இலவசமாக ஒரு டெவலப்பர் பேக் தருகிறார்கள். நானும் தேவிப்ரியாவும் பதிந்துகொண்டோம். எடிட்டர், சர்வரில் இடம், புரோகிராம் கோடு எழுத உதவும் ஏஐ என்று வரிசையாக வந்து விழுந்தது. தேவி எதைத் திறப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் திறந்தாள். நான் எடிட்டரில் எழுத்தின் அளவை முப்பதுக்கு ஏற்றி, கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்தாக மாற்றினேன். ஒரு சமயத்தில் பத்து வரிதான் தெரியும். எனக்கு அது போதும்.

என் கண் ஒரு இடத்தில் நிற்காது. பிறந்ததிலிருந்தே இரண்டு கருவிழியும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்குத்தான் அது தெரியும். எனக்குத் தெரிவது, சின்ன எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வது மட்டும். சின்ன வயதில் ஒரு டாக்டர், ஆபரேஷனால் சரியாகாது என்று சொல்லிவிட்டாராம். அதோடு அம்மா அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டாள். "யாராச்சும் கேட்டா பவருனு சொல்லு." ஒன்றாம் வகுப்பிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதை ஏன் எழுதுகிறேன்? இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. அதனால்தான்.

ஜனவரி 20, திங்கள்

சென்னைக் கம்பெனி அடுத்த மாதம் வருகிறது. காலேஜ் ஆரம்பித்ததிலிருந்து வருகிறதிலேயே பெரிய கம்பெனி. ஆன்லைன் தேர்வு, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். இன்று ஒத்திகைக்காக ஒரு மாதிரித் தேர்வு.

தேர்வுக்கென்று தனி பிரவுசர். அதைத் திறந்ததும் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. திரையைப் பெரிதாக்கிக் காட்டும் என் உருப்பெருக்கி மென்பொருளையும் மூடிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. நான்கு முறை அழுத்திப் பார்த்தேன்.

பிளேஸ்மென்ட் ஆபீசர் குமரகுரு சாரிடம் போய், "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குது சார், பெருசாக்க முடியல" என்றேன்.

"கண்ணாடிய மாத்தும்மா. இன்னும் டைம் இருக்குதே."

பதிவு செய்யும்போது ஊனம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றால் சான்றிதழ் வேண்டும். என்னிடம் ஏது? இல்லை என்று போட்டேன்.

பிப்ரவரி 8, சனி

தேர்வு முடிந்தது. மூன்று புரோகிராம், மூன்றும் ஓடியது. மூன்றும்!

ஆனால் எழுத்தைப் படிக்க, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் திரையில் சிவப்புப் பட்டை ஒன்று எச்சரித்தது: முகம் தெரியவில்லை. பின்னால் சாய்ந்தால் கேள்வி தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாதோ?

வெளியே வந்ததும் தேவி, "ரெண்டாவது வந்துச்சா?" என்றாள். எனக்கு வந்ததைச் சொன்னேன். "செத்தேன்" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். இருவரும் சிரித்தோம்.

பிப்ரவரி 13, வியாழன்

தேர்வானது பதினொரு பேர். தேவி இருக்கிறாள். நான் இல்லை.

மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு எதிரே மட்டும் எண் இல்லை. முறைகேடு என்று போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

குமரகுரு சார் கூப்பிட்டு அனுப்பினார். கம்பெனியிலிருந்து வந்த மெயிலைக் காட்டினார். தேர்வு எழுதியவர் பலமுறை கேமராவை விட்டு விலகினார். கண்கள் தொடர்ந்து திரைக்கு வெளியே அலைந்தன. வேறெங்கிருந்தோ பார்த்து எழுதியதாகக் கருதுகிறோம்.

கண்கள் அலைந்தன. ஆமாம், அலையும். அது அதன் வேலை.

சொல்லிவிட்டேன். முதல் முறையாக ஒரு வெளியாளிடம் சொன்னேன். "சார், எனக்குப் பிறந்ததுலேர்ந்தே கண்ணு ஆடும். நான் யாரையும் பாக்கல சார்."

அவர் என் கண்ணைப் பார்த்தார். நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. "சர்டிபிகேட் இருக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப நான் அவங்களுக்கு இன்னானும்மா எழுதறது? இல்லைனு நீயேதானே போட்டுக் குடுத்திருக்க. திங்கக்கெழமைக்குள்ள பதில் கேக்கறாங்க. காலேஜ் நடவடிக்கை எடுக்கலைன்னா மொத்த லிஸ்டையும் கேன்சல் பண்ணிடுவாங்களாம்." பேனாவை மூடித் திறந்தார். "தப்புதான்னு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடு. ஃபார்மாலிட்டிதான். எங்கயும் போகாது."

நான் வெளியே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

காலையில் தேவி வீட்டுக்கு வந்தாள். அவள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில். அங்கிருந்து எங்கள் ஓரிக்கைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறாள். உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"பிரவீ, எங்கூட்ல பேசி முடிச்சிட்டாங்கப்பா. இந்த வேலை வரலைனா வைகாசில கல்யாணம்."

"நான் காப்பி அடிக்கலடி."

"எனக்குத் தெரியாதா? உன் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தேனே." அழ ஆரம்பித்தாள். "நீ நல்லா கோடு எழுதுவ. உனக்கு வேற கம்பெனி வரும். எனக்கு இது ஒண்ணுதான்."

தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வருவதற்குள் போய்விட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலில் ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து கறி அரிந்துகொண்டிருந்தாள். அப்பா டியூட்டியில். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் அவருக்கு, ஞாயிறும் ஓடும்.

ஜி.எச்.சில் ஊனச் சான்றிதழ் கேம்ப் நடக்கிறது, விண்ணப்பித்தேன் என்று ஒரு சீட்டாவது காட்டினால் சார் கம்பெனிக்கு எழுதக்கூடும் என்றேன். அம்மா கத்தியை வைத்துவிட்டாள்.

"இன்னாடி சொல்ற? வேணாம். அந்த லெட்டர எழுதிக் குடுத்துட்டு வா."

"பொய்யிம்மா அது!"

"பொய்யின்னா இன்னா? திருடினனு எழுதினா ஒரு வருசத்துல மறந்துடுவாங்க. குருடினு எழுதினா சாவுற வரைக்கும் நிக்கும். யாருடி கட்டுவான் உன்ன?"

நர்சிங் ஹோமில் வார்டு வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நோயாளிகளைத் தூக்கி உட்காரவைக்கிறவள். ஊனமான பிள்ளைகளை எத்தனை பேர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பயம்தான். எனக்குப் புரியுது. புரிஞ்சு இன்னா பண்றது? எனக்காக ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, அவ செய்யலனு சொல்ல மாட்டாங்களா?

கறியைச் சாப்பிட்டேன். உப்பு தெரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாசகத்தைக் குமரகுரு சாரே அச்சடித்து வைத்திருந்தார். "கையெழுத்து எங்க சார்?" என்று கேட்டேன், கையெழுத்துப் போடும் கோடு எனக்குத் தெரியவில்லை. விரலை வைத்துக் காட்டினார்.

பிப்ரவரி 27, வியாழன்

நோட்டீஸ் போர்டில் என் ரெஜிஸ்டர் நம்பர். ஒப்புக்கொண்ட முறைகேட்டின் காரணமாக இந்த ஆண்டின் மீதி பிளேஸ்மென்ட் எதிலும் கலந்துகொள்ள அனுமதி இல்லை. கீழே குமரகுரு சார் கையெழுத்து.

எங்கேயும் போகாது என்றாரே.

படிக்க நான் போர்டுக்கு மிக அருகில் போக வேண்டியிருந்தது. பின்னால் ஜூனியர் பையன்கள் சிரித்தார்கள். அதற்காகச் சிரித்தார்களா, வேறெதற்காகவா, தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

கோயில் தேர் என்று பஸ்ஸைச் சுற்றிவிட்டார்கள். காலேஜுக்குப் பாதி வகுப்பு முடிந்தபிறகுதான் போனேன். யாரும் கேட்கவில்லை.

தேவிக்கு ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. வகுப்பு முழுவதும் லட்டு கொடுத்தாள். என் பெஞ்சுக்கு வந்தபோது டப்பாவை நீட்டிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தாள். நான் எடுத்துத் தின்றேன். நல்ல லட்டு. அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. வந்தால் தேவலை.

மார்ச் 23, ஞாயிறு

வேறு எதுவும் செய்ய இல்லாததால் எடிட்டரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஒரு சின்ன நீட்சி எழுதினேன். எந்த வரியில் இருக்கிறோமோ அது மட்டும் பெரிதாக, பளிச்சென்று நிற்கும். மற்ற வரிகள் மங்கிவிடும். கண் எங்கே ஓடினாலும் திரும்பி வந்து விழ ஒரு இடம். ஏஐயிடம் கேட்டுக் கேட்டு, அது தப்பாகச் சொன்ன இடங்களைத் திருத்தி, ஒரு வாரமாயிற்று. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டேன்.

மார்ச் 29, சனி

யாரோ ஒருவர், எந்த ஊரோ தெரியவில்லை, நீட்சிக்குக் கீழே எழுதியிருக்கிறார்: எனக்கும் இதே கண்தான்.

அந்த ஒரு வரியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. எனக்கும் இதே கண்தான். இப்படி எழுதலாமா? யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பவனி முடிந்து எல்லோரும் கையில் ஓலையோடு கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் தெரு அத்தை ஒருத்தி, பையனை எங்கள் காலேஜில் படிக்கவைக்கிறவள், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"மரியம்மா, உம் பொண்ணு பரிட்சையில திருட்டுத்தனம் பண்ணி எழுதிக் குடுத்துட்டாளாமே? போர்டுல ஒட்டிக்கினு இருக்குதாமே?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அந்த ஓலையைக் கிழித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வரும்போது கையில் ஈர்க்குதான் இருந்தது.

ஏப்ரல் 16, புதன்

காலையில் அம்மா வேலைக்குப் போகும் புடவை கட்டாமல் வேறு கட்டினாள். "கெளம்பு" என்றாள்.

ஜி.எச். கேம்ப். நீண்ட வரிசை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவள் வேலை செய்யும் இடத்து ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். ஒவ்வொரு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்தார். எழுத்து அட்டையில் மேல் வரிகளுக்குக் கீழே என்னால் வாசிக்க முடியவில்லை. முதல் தடவையாக ஊகித்துச் சொல்லாமல், "தெரியல மேடம்" என்றேன்.

"இன்ஜினியரிங்கா படிக்கற? இதை வச்சிக்கினா?" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏம்மா இவ்ளோ நாள் கூட்டிக்கினு வரல? பத்தாவதுலேர்ந்தே கூடுதல் நேரம் குடுத்திருப்பாங்க. பெரிய எழுத்துல கேள்வித்தாள் குடுத்திருப்பாங்க. இவ எல்லாத்தையும் சும்மா கஷ்டப்பட்டு எழுதியிருக்கா."

அம்மா, "அப்படியா குடுப்பாங்க?" என்றாள். இரண்டு முறை கேட்டாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

மே 21, புதன்

ஊனச் சான்றிதழ் கார்டு வந்துவிட்டது. நகலோடு குமரகுரு சாருக்கு மெயில் போட்டேன். கம்பெனிக்கும் போட்டேன்.

மே 30, வெள்ளி

கம்பெனியிலிருந்து பதில்: இந்த ஆண்டுக்கான தேர்வு முடிந்துவிட்டது. பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து.

சாரிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தரும் ஒரு சின்ன ஆபீஸ். மாடியில் ஒரே அறை, ஐந்து பேர். ஆள் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்கும் அந்தப் பக்கம்தான் டியூட்டி, கூடவே வந்தாள். படியேறி வாசல்வரை.

ஓனர் உதயகுமார் என்பவர். கேள்விகள் அச்சடித்த ஒரு தாளை நீட்டி, "இதை எழுதிக் குடும்மா" என்றார். எறும்பு எழுத்து. நான், "சரி சார்" என்று வாங்கிக்கொண்டேன். கார்டு பையில் இருக்கிறது, வாய் வரவில்லை. பழக்கம். தாளை மூக்குவரை கொண்டுபோனேன்.

"சார்!"

வாசலில் இருந்து அம்மா. ஐந்து பேரும் திரும்பினார்கள்.

"எம் பொண்ணுக்குக் கண்ணு ஆடும் சார். பொடி எழுத்து தெரியாது. பெருசா போட்டுக் குடுங்க, எல்லாத்தையும் எழுதிடுவா."

"பவர் ஜாஸ்திங்களா?"

"பவரில்ல சார். கண்ணே அப்படித்தான். ஊனம்தான். கார்டு இருக்குது." சத்தமாகத்தான் சொன்னாள். பிறகு நேரமாயிற்று என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அவர் அதையே பெரிதாக அச்சடித்து நான்கு தாளாகக் கொடுத்தார். எழுதி முடித்தேன். பார்த்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். "நல்லாதான் எழுதியிருக்க. ஆனா உன் ரெஸ்யூமே வந்ததுமே காலேஜ்ல விசாரிச்சேன், என்னமோ லெட்டர்னு சொல்றாங்க." நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. "கோடு வேலை அப்புறம் பாக்கலாம். இப்ப சப்போர்ட்ல உக்காரு."

ஜூன் 16, திங்கள்

தேவி இன்று சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். கழுத்தில் அடையாள அட்டையோடு படம் போட்டிருந்தாள். வாழ்த்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள், பதில் வரவில்லை.

எனக்கும் இன்றுதான் முதல் நாள். கடைக்காரர்கள் போன் செய்து பில் வரவில்லை என்று திட்டுவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி, உள்ளே இருப்பவர்களிடம் பிழையைச் சொல்ல வேண்டும். பிழை எந்த வரியில் என்று இரண்டு முறை எனக்கே தெரிந்தது. கோடைத் தொட எனக்கு அனுமதி இல்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கினால் அம்மா நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். டியூட்டி முடிந்து நேரே வந்திருக்கிறாள். வேலை எப்படி, மனிதர்கள் எப்படி, எதுவும் கேட்கவில்லை. தெருமுனைவரை நடந்தோம்.

பிறகு, "எழுத்து தெரிஞ்சிச்சா?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அம்மா இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"பாதி தெரிஞ்சிச்சுமா" என்றேன்.